அன்டிபயோட்டிக் வேண்டுமா, வேண்டாமா? வழிகாட்டும் தாளையும் சோதித்துப் பார்ப்போம்

க.பொ.த. உயர்தரம், உயிரியல் விஞ்ஞானப் பிரிவு

மாரி மழை தொடங்கிவிட்டால் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எங்கள் கரையோர ஊர்களில் தடிமனும் இருமலும் தொண்டை நோவும் எட்டிப் பார்க்காத வீடு குறைவு. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வந்தால் அடுத்த வாரம் பாதி வகுப்புக்கு வந்துவிடும். இரண்டு நாள் போனதும் வீட்டில் அந்தக் கேள்வி எழும்: "ஒரு அன்டிபயோட்டிக் எடுத்தால் என்ன?" சிலர் டொக்டரிடம் போவார்கள். சிலர் போன முறை மிஞ்சிய குளிசையைத் தேடுவார்கள். சிலர் பாமசியில் மருந்தின் பெயரைச் சொல்லி வாங்குவார்கள். வட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி, "அது விஷம், தொடவே கூடாது" என்று இருப்பவர்களும் உண்டு.

இவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு தகவலை நம்பித்தான் முடிவெடுக்கிறார்கள். அந்தத் தகவலை எடைபோட நமக்குத் தெரியுமா? வைத்தியத்துறையில் இதற்கென்றே சில அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றை எங்கள் மாணவிகளும் பெற்றோரும் அறிந்துகொள்வது பயனுள்ளது என்பதால் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

தீர்மானத் துணையேடு என்றால் என்ன?

சாதாரண சுகாதாரத் துண்டுப்பிரசுரம் "இதைச் செய்யுங்கள், அதைச் செய்யாதீர்கள்" என்று சொல்லும். டெங்கு ஒழிப்புக்கு அது போதும். நுளம்பு பெருகும் நீரை ஊற்றிவிடுவதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் சில நோய்களில் இரண்டு வழிகள் இருக்கும். இரண்டிலும் நன்மையும் தீமையும் கலந்திருக்கும். அப்படிப்பட்ட இடத்தில், இருக்கும் வழிகள் எவை, ஒவ்வொன்றிலும் எத்தனை பேருக்கு நன்மை, எத்தனை பேருக்குத் தீமை என்பதை நோயாளியின் முன் வைத்து, வைத்தியரோடு சேர்ந்து முடிவெடுக்க உதவும் தாளையே 'தீர்மானத் துணையேடு' என்கிறேன். அது ஒரு பக்கத் தாளாக இருக்கலாம், சிறு புத்தகமாகவோ காணொளியாகவோ இருக்கலாம். எங்கள் ஊரில் 'மஷூரா' என்றால் எல்லோருக்கும் விளங்கும். அந்தக் கலந்தாலோசனைக்குத் தேவையான விபரங்களைத் தருவதே துணையேட்டின் வேலை. வைத்தியரின் இடத்தை அது பிடிப்பதில்லை.

துணையேடுகள் உண்மையில் உதவுகின்றனவா என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. உலகெங்கும் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் என்ற அமைப்பு 2024இல் 209 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. துணையேட்டைப் பயன்படுத்தியவர்களுக்குத் தமது நோயைப் பற்றிய அறிவு கூடுதலாக இருந்தது. நன்மை தீமைகளின் அளவையும் அவர்கள் சரியாக விளங்கியிருந்தார்கள்.

அன்டிபயோட்டிக்கைப் பொறுத்தவரை வேல்ஸ் நாட்டுப் பரிசோதனை ஒன்று முக்கியமானது. பிள்ளைகளின் இருமல், தடிமன், காது நோ, தொண்டை நோ பற்றி 'நான் எப்போது கவலைப்பட வேண்டும்?' என்ற தலைப்பில் ஒரு சிறு புத்தகம் தயாரித்தார்கள். ஒரு பகுதி வைத்தியர்கள் அதைப் பெற்றோருடன் சேர்ந்து வாசித்து விளக்கினார்கள். மறு பகுதியினர் வழமைபோல் மருந்து கொடுத்தார்கள். முடிவு 2009இல் வெளியானது. வழமையான முறையில் 100 பிள்ளைகளில் சுமார் 41 பேருக்கு அன்டிபயோட்டிக் எழுதப்பட்டது. புத்தகம் பயன்பட்ட இடத்தில் அது சுமார் 20 ஆகக் குறைந்தது. அதனால் பிள்ளைகள் மீண்டும் மீண்டும் வைத்தியரிடம் வர நேரவும் இல்லை, பெற்றோரின் திருப்தி குறையவும் இல்லை.

ஏன் இவ்வளவு கவனம்?

தடிமனும் பெரும்பாலான இருமலும் வைரசினால் வருபவை. அன்டிபயோட்டிக் பற்றீரியாவைத்தான் கொல்லும், வைரசை ஒன்றும் செய்யாது. தேவையில்லாமல் எடுக்கும்போது எங்கள் உடலில் வாழும் பற்றீரியாக்களில் பலவீனமானவை இறக்க, மருந்தைத் தாங்கக்கூடியவை மிஞ்சிப் பெருகுகின்றன. பற்றீரியாக்களின் இந்த மருந்து எதிர்ப்பினால் மட்டும் 2019ஆம் ஆண்டில் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

இலங்கையில் வைத்தியரின் மருந்துச் சிட்டை இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் ஆய்வாளர்கள் நோயாளிபோல் ஆட்களை நாட்டின் பாமசிகளுக்கு அனுப்பிப் பார்த்து 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அரைவாசிக்கு மேற்பட்ட இடங்களில் சிட்டையில்லாமலே மருந்து கிடைத்தது. விற்பவரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. கேட்டு வாங்குபவர்கள் நாங்கள்தானே!

துணையேட்டின் தரத்தை அளப்பது எப்படி?

துணையேடு என்ற பெயரில் எதையும் அச்சடிக்கலாம். ஆகவே 2003இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து சர்வதேச நோயாளர் தீர்மானத் துணை நியமங்களுக்கான கூட்டமைப்பை உருவாக்கினார்கள். நோயாளிகளிடமும் வைத்தியர்களிடமும் கருத்துக் கேட்டுத் தொகுத்த அளவுகோல்கள் 2006இல் வெளியாகின. அதற்கு முன்பே, 1990களின் இறுதியில், இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்டில் 'டிசர்ன்' என்ற வினாக்கொத்து தயாரிக்கப்பட்டது. அதில் 16 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி இட வேண்டும். இவற்றின் சாரத்தை நாங்கள் வீட்டில் கேட்கக்கூடிய ஆறு கேள்விகளாகத் தருகிறேன்.

1. எல்லா வழிகளையும் சொல்கிறதா?

நல்ல துணையேடு 'மருந்து எடுப்பது', 'எடுக்காமல் கவனித்துக்கொண்டிருப்பது' ஆகிய இரண்டையும் சம மரியாதையோடு சொல்லும். சில நாடுகளில் மூன்றாவது வழியும் உண்டு: வைத்தியர் சிட்டையை எழுதிக் கொடுத்து, "இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால் மட்டும் வாங்குங்கள்" என்பார். மருந்து எடுக்காமல் இருந்தால் நோய் இயல்பாக எத்தனை நாள் நீடிக்கும் என்பதையும் தாள் சொல்ல வேண்டும். சாதாரண மார்புச்சளி இருமல் சராசரியாகச் சுமார் 18 நாட்கள் நீடிக்கிறது. மக்களோ ஒரு வாரத்தில், மிஞ்சிப்போனால் ஒன்பது நாளில் நின்றுவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். பத்தாம் நாள் இருமலைக் கண்டு பயந்து மருந்து தேடுவதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

2. நன்மையை எண்ணிக்கையில் சொல்கிறதா?

இதுதான் மிக முக்கியமான கேள்வி. பிள்ளைகளின் நடுக்காது அழற்சியை உதாரணமாக எடுப்போம். "அன்டிபயோட்டிக் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் காது நோ மீதியாக இருப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கால் குறைகிறது" என்று ஒரு தாள் சொன்னால் எந்த உம்மாதான் வேண்டாம் என்பார்? இதையே இப்படியும் சொல்லலாம்: "மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் 100 பிள்ளைகளில் சுமார் 60 பேருக்கு 24 மணித்தியாலத்தில் நோ நின்றுவிடும். இரண்டு மூன்று நாளில் மருந்தினால் மேலதிகமாகப் பயன்பெறுவோர் 100க்குச் சுமார் 5 பேர்." இரண்டு வசனங்களும் ஒரே ஆய்வுத் தொகுப்பிலிருந்து வந்தவை, இரண்டும் உண்மை. ஆனால் முதலாவது வசனம் எங்களை ஒரு பக்கம் தள்ளுகிறது, இரண்டாவது யோசிக்க விடுகிறது. எனவே 'மடங்கு', 'பங்கு', 'பெருமளவு' என்ற சொற்களை மட்டும் கண்டால், "எத்தனை பேரில் எத்தனை பேர்?" என்று கேட்க வேண்டும்.

3. தீமையையும் அதே அளவுகோலில் சொல்கிறதா?

நன்மையை '100 பேரில் 5' என்று சொல்லிவிட்டுத் தீமையை 'சிலருக்கு' என்று சொல்வது தராசின் ஒரு தட்டை மட்டும் காட்டுவது போன்றது. அதே காது நோ ஆய்வுகளில், மருந்து எடுத்ததால் மேலதிகமாக வாந்தி, வயிற்றோட்டம், தோலில் தடிப்பு வந்தவர்கள் 100க்குச் சுமார் 7 பேர். 5ஐயும் 7ஐயும் பக்கத்தில் வைத்தால்தான் பெற்றோருக்குத் தீர்மானிக்க முடியும். சில பிள்ளைகளுக்குக் கணக்கு மாறும் என்பதையும் அதே தாள் சொல்ல வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்து இரண்டு காதிலும் நோயுள்ள பிள்ளைக்கும், காதிலிருந்து சீழ் வடியும் பிள்ளைக்கும் மருந்தின் பயன் கூடுதலாகும்.

மருந்து எதிர்ப்பும் தீமைப் பட்டியலில் வர வேண்டும். பலர் அதை உலகத்துக்கு வரப்போகும் ஏதோ ஒரு ஆபத்தாக நினைக்கிறார்கள். அன்டிபயோட்டிக் எடுத்த ஒருவரின் உடலிலேயே அந்த மருந்துக்கு எதிர்ப்புள்ள பற்றீரியாக்கள் 12 மாதம் வரை தங்கலாம் என்பதை 2010இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. அந்த ஆண்டுக்குள் அவருக்கு உண்மையாகவே மருந்து தேவைப்பட்டால் அது வேலை செய்யாமல் போகலாம். அதாவது இந்தத் தீமை அந்த நோயாளிக்கே உரியது.

4. எழுதியவர் யார், பணம் கொடுத்தவர் யார், எப்போது?

மருந்துக் கம்பெனி அச்சடித்த தாளும் சுகாதாரத் திணைக்களம் அச்சடித்த தாளும் ஒரே மாதிரி அழகாக இருக்கலாம். தரமான துணையேட்டில் எழுதியவர்களின் தகைமை, பணம் வந்த வழி, ஆய்வு ஆதாரம், கடைசியாகத் திருத்திய ஆண்டு எல்லாம் இருக்கும். இலங்கையர்களாகிய எங்களுக்கு இது புதிய பாடமில்லை. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை நிறுவி வழிநடத்திய பேராசிரியர் சேனக பிபிலே, மருந்தைக் கம்பெனிப் பெயரால் அல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரால் வாங்கவும் எழுதவும் வேண்டும் என்று போராடியவர். விற்பவரின் விளம்பரத்தை நம்பி மருந்தைத் தீர்மானிக்கக் கூடாது என்ற அவரது கொள்கை இந்தத் தாள்களுக்கும் பொருந்தும்.

5. வாசிப்பவருக்கு விளங்குகிறதா?

தாளை வெளியிடுமுன் அதைப் பயன்படுத்தப்போகும் மக்களிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்பது சர்வதேச நியமம். எங்கள் பகுதிக்கு இது மிகவும் பொருந்தும். இணையத்தில் கிடைக்கும் தமிழ்த் தகவலில் 'மாத்திரை', 'ஜலதோஷம்' என்றிருக்கும். எங்கள் மூத்தம்மாவுக்கு அது 'குளிசை', 'தடிமன்'. வாசிக்கத் தெரியாதவருக்குப் படம் வேண்டும். 100 சிறு முகங்களை வரைந்து, அதில் பயன்பெறும் 5 முகங்களுக்கு மட்டும் நிறம் தீட்டிக் காட்டினால் எண் தெரியாதவருக்கும் விளங்கிவிடும்.

6. எனக்கு எது முக்கியம் என்று கேட்கிறதா?

ஒரு பெற்றோருக்குப் பிள்ளையின் நோ உடனே நிற்பது முக்கியம். இன்னொருவருக்கு வயிற்றோட்டம் வராமல் இருப்பது முக்கியம். பரீட்சை எழுதவிருக்கும் மாணவிக்கு எத்தனை நாளில் எழும்பலாம் என்பது முக்கியம். எங்கள் சமூகத்துக்கென்று வேறு கேள்விகளும் உண்டு. கெப்சூலின் உறையிலுள்ள ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது? அதற்குப் பதிலாகக் குளிசையோ பாணி மருந்தோ கிடைக்குமா? நோன்பு காலத்தில் மூன்று வேளை மருந்தை எப்படி எடுப்பது? மூன்று வேளை மருந்தை ஸஹருக்கும் நோன்பு திறந்த பிறகுமாக இரண்டு வேளையாகத் தாமாகவே சுருக்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை இருப்பதும், இரண்டு வேளை மட்டும் எடுக்கும் வேறு மருந்து பொருந்துமா என்று வைத்தியரிடம் கேட்கலாம் என்பதும் தாளில் இருந்தால் எவ்வளவு நல்லது!

மொழிபெயர்த்தால் மட்டும் போதுமா?

அவுஸ்திரேலியாவில் தொண்டை நோ, காது நோ, இருமல் மூன்றுக்கும் நல்ல துணையேடுகள் இருக்கின்றன. அவற்றைத் தமிழாக்கி எங்கள் ஊரில் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் மேலே சொன்ன ஆறு கேள்விகளோடு ஏழாவது ஒன்றையும் சேர்க்க வேண்டும்: இந்தக் கணக்கு எந்த ஊர் மக்களிடம் எடுக்கப்பட்டது?

தொண்டை நோவை எடுப்போம். மருந்து எடுக்காமலே 100 பேரில் சுமார் 82 பேர் ஒரு வாரத்தில் குணமாகிறார்கள் என்றும், அன்டிபயோட்டிக் நோயின் காலத்தைச் சராசரியாகச் சுமார் 16 மணித்தியாலம்தான் குறைக்கிறது என்றும் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. இதை மட்டும் வாசித்தால் மருந்து அவசியமில்லை என்று படும். ஆனால் ஸ்ரெப்ரோகொக்கசு என்ற பற்றீரியாவால் வரும் தொண்டை நோ, பாடசாலை வயதுப் பிள்ளைகள் சிலரில் வாதக் காய்ச்சலாக மாறி இருதய வால்வுகளைப் பழுதாக்கும். பணக்கார நாடுகளின் பெரும் பகுதியில் இந்நோய் அரிதாகிவிட்டது. தெற்காசியாவில் அது இன்னும் முற்றாக நீங்கவில்லை. அன்டிபயோட்டிக் வாதக் காய்ச்சலின் ஆபத்தை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைக்கிறது. எனவே அங்கே 'பொறுத்துப் பார்க்கலாம்' என்று சரியாகச் சொன்ன தாள், இங்கே அதே சொல்லால் ஒரு பிள்ளையின் இருதயத்துக்கு ஆபத்தாகலாம்.

காய்ச்சலும் அப்படித்தான். வேல்ஸில் இருமலோடு காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துக் கவனிக்கச் சொல்லலாம். அம்பாறை மாவட்டம் வயல் நாடு. வயலில் சேறு மிதித்துவிட்டு வந்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அது பற்றீரியா நோய், அதற்கு அன்டிபயோட்டிக் காலம் தாழ்த்தாமல் வேண்டும். ஆபத்துள்ள விவசாயிகளுக்கு முன்கூட்டியே டொக்சிசைக்கிளின் குளிசை சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களின் ஊடாக வழங்கப்படுவதும் இதனால்தான். டெங்குவோ வைரசு நோய். அதற்கு அன்டிபயோட்டிக் உதவாது. காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் அதன் ஆபத்துக் கட்டம் தொடங்கும். எங்கள் ஊருக்கான துணையேட்டில் 'உடனே வைத்தியரிடம் செல்லுங்கள்' என்ற பெட்டியில் இந்த மூன்று நோய்களும் கட்டாயம் இருக்க வேண்டும். பக்கம் முழுவதும் பிழையில்லாமல் மொழிபெயர்த்தாலும் இந்தப் பெட்டி இல்லாத தாளுக்கு நான் சித்திப் புள்ளி தரமாட்டேன்.

இரண்டு தாள்களைச் சோதிப்போம்

இந்த அளவுகோலை இரண்டு கற்பனை உதாரணங்களில் வைத்துப் பார்ப்போம். ஒன்று, "மூன்றே நாளில் பூரண குணம்" என்று ஒரு மருந்தின் படத்தோடு ஒட்டியிருக்கும் சுவரொட்டி. வேறு வழி சொல்லவில்லை. எண்ணிக்கை இல்லை. தீமை இல்லை. பணம் கொடுத்தவர் விற்பவரே. மற்றது, "அன்டிபயோட்டிக் உடலைக் கெடுக்கும், தேனும் இஞ்சியும் போதும், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்ற வட்ஸ்அப் செய்தி. இதிலும் எண்ணிக்கை இல்லை. எழுதியவர் பெயர் இல்லை. எப்போது டொக்டரிடம் போக வேண்டும் என்று ஒரு வரி இல்லை. முதலாவது மருந்தை விற்கிறது, இரண்டாவது மருந்தைத் தடுக்கிறது. கருத்தில் எதிரெதிராக நின்றாலும் இரண்டும் ஒரே கேள்விகளில்தான் தோற்கின்றன. ஒரு தாள் எங்களுக்குப் பிடித்த கருத்தைச் சொல்கிறது என்பது அதன் தரத்துக்குச் சான்றாகாது.

நாங்கள் செய்யக்கூடியது

நல்ல தாள் கையில் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வைத்தியரிடம் மூன்று கேள்விகளை மரியாதையாகக் கேட்கலாம். "டொக்டர், இதற்கு வேறு வழி இருக்கிறதா? எடுத்தால் என்ன நன்மை, என்ன தீமை? எந்த அறிகுறி வந்தால் நாங்கள் திரும்பி வர வேண்டும்?" நெருக்கடியான ஓ.பி.டி. வரிசையிலும் இந்த மூன்றுக்கும் ஒரு நிமிடம் போதும். கேட்பது அவமரியாதை என்று எங்களில் பலர் நினைக்கிறோம். கேட்காமல் வாங்கி, அரைவாசி குடித்துவிட்டு மிச்சத்தை அலுமாரியில் வைப்பதுதான் அந்த வைத்தியரின் படிப்புக்குச் செய்யும் அவமரியாதை. வைத்தியர் தேவை என்று தந்த மருந்தைச் சொன்னபடி எடுக்க வேண்டும். இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு யாரும் அதை இடையில் நிறுத்திவிட வேண்டாம்.

மாணவிகளாகிய எங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 18 முதல் 24 வரை மருந்து எதிர்ப்பு பற்றிய உலக விழிப்புணர்வு வாரம். எங்கள் கரையில் மாரி தொடங்கும் காலமும் அதுதான். உயிரியல் படிக்கும் மாணவிகள் காது நோவுக்கு மட்டும் ஒரே பக்கத்தில் ஒரு துணையேட்டை எங்கள் ஊர்த் தமிழில் எழுதலாம். சித்திரம் படிக்கும் தங்கைகள் 100 முகங்களை வரையலாம். அதை வைத்தியர்களிடம் காட்டித் திருத்தி, பிறகு எங்கள் உம்மாமாரிடமும் மூத்தம்மாமாரிடமும் வாசித்துக் காட்டி, விளங்காத சொல்லை மாற்றலாம். அப்படி எழுதிய தாளையும் இந்த ஏழு கேள்விகளால் நாங்களே முதலில் சோதிக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாரிக்குள் அது ஒவ்வொரு வகுப்பு மாணவியின் வீட்டுக்கும் போய்ச் சேரட்டும்.